குரல் இருந்தால் போதும்

அஞ்சு நிமிஷம் கொடுத்திருக்காங்க, இரண்டில் முடிக்கிறேன்.

லண்டனில் வேலை பார்த்த காலத்தில் எனக்குப் பிடித்த பைத்தியம் 'டாக்டர் ஹூ'. 1963-இல் பி.பி.சி. தொடங்கிய விஞ்ஞானக் கதைத் தொடர். அறுபதுகளில் வந்த பகுதிகள் பலவற்றை அவர்களே அழித்துவிட்டார்கள். வீடியோ டேப் அன்று விலை அதிகம், மறுபடி உபயோகிக்கலாமே என்றுதான்! ஆனால் ஒலி மட்டும் ஒன்றுவிடாமல் இருக்கிறது. எப்படி? ரசிகர்கள் வீட்டில் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள்.

அந்த ஒலிக்கு இப்போது ரசிகர்களே கம்ப்யூட்டரில் படம் போடுகிறார்கள். ஆபீஸ் விட்டு வந்து, ராத்திரி கண் விழித்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் உதட்டசைவைப் பொருத்துகிறார்கள். அந்தக் காலத்தில் டி.வி. திரையிலிருந்து எடுத்த சின்னப் போட்டோக்கள்தான் வழிகாட்டி. நடை கொஞ்சம் விறைப்புதான், மறுக்கவில்லை. குரல் கேட்டதும் ஆள் வந்துவிடுகிறார். 2006-இல் பி.பி.சி.யே 'தி இன்வேஷன்' கதையில் தொலைந்த இரண்டு பகுதிகளை அனிமேஷனாக்கி வெளியிட்டது.

எதுக்குச் சொல்றேன்னா, நம்ம கடைசி வருஷ நாடகத்துல ராஜாவா வந்தவன் இன்னிக்கு இல்லை. போட்டோ நாலுதான் இருக்கு. அன்னிக்கு முன்வரிசையில யாரோ கேசட்டுல பதிவு பண்ணீங்க. பரண்ல தேடுங்கப்பா. பூஞ்சை பிடிச்சிருந்தாலும் கொண்டாங்க. படம் போட என் பேரன் ரெடியா இருக்கான்.