மாட்டுக்கு வேலி, மானுக்கு வழி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்குரியது. அங்கே பரந்த மேய்ச்சல் நிலங்களை உடையோர் மாடு வளர்ப்பதோடு, வெண்வால் மான்களை வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு விட்டும் பொருளீட்டுகின்றனர். மான்களை வரவழைக்க மூன்று கால்களின் மேல் ஒரு பீப்பாயை நிறுத்திச் சோளம் நிரப்பி வைப்பர். அதன் அடியில், மின்கலத்தால் இயங்கும் சிறு தட்டொன்று உண்டு. குறித்த வேளைகளில் அது சுழன்று சோளத்தைச் சுற்றிலும் சிதறும்.

தட்டுச் சுழலும் ஓசை மானின் காதுக்கு மட்டுமா கேட்கிறது? மாடுகளும் அதனை விரைவில் அறிந்துகொள்கின்றன. மணிகளைப் பொறுக்கித் தின்பதோடு நில்லாமல், பீப்பாயின் கால்களில் உடம்பை உராய்ந்து, சில வேளைகளில் அதனையே சாய்த்து விடுகின்றன. சோளம் போவது சிறு நட்டம். புல்லையே தின்று பழகிய மாடு ஒரே முறையில் வயிறு நிறையச் சோளம் தின்றுவிட்டால் வருவதே பெருநட்டம். சோளத்தின் மாப்பொருள் அதன் முதல் இரைப்பையில் மிக விரைவாகப் புளித்து அமிலமாகிறது. அசைபோடுதல் நின்று, கழிச்சல் கண்டு, உடலில் நீர் வற்றி, மாடு ஓரிரு நாட்களில் இறந்துபோதலும் உண்டு.

முள்ளுக்கம்பிகளை நெருக்கி உயர்த்தினால் மாடு புகாது. ஆனால் மானும் தயங்கும். தாவும்போது கம்பிகளுக்கிடையே கால் சிக்கி மாளும் மான்களும் உள. மின்வேலிக்கோ ஒரு கம்பி போதும். தரையிலிருந்து ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் உயரத்திற் கட்டினால் அது மாட்டின் நெஞ்சுக்கு நேராக நிற்கும். மான் அதன் கீழே நுழையும், அல்லது மேலே தாவும். கன்றுகள் உள்ள மந்தையாயின் தாழ்வாக இன்னுமொரு கம்பி வேண்டும். சோளம் தெறிக்கும் எல்லைக்கு அப்பால், மான் தாவி இறங்க இடமிருக்குமாறு வேலியை விரித்து அமைத்தல் அவசியம்.

இக்கம்பியில் 5,000 வோல்ட் அளவு மின்னழுத்தம் இருக்கலாம். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். ஆயினும் வீட்டு மின்சாரம் கொல்கிறது, வேலி கொல்வதில்லை. வேலிக் கருவி மின்சாரத்தை ஏறத்தாழ விநாடிக்கொரு முறை, ஆயிரத்திலொரு விநாடிக்கும் குறைவான நேரமே துடிப்பாக அனுப்புகிறது. மாடு திடுக்கிட்டு விலக இடைவேளை கிடைக்கிறது. வீட்டு மின்சாரம் இடைவிடாது பாய்ந்து, தசைகளை இறுக்கி, இதயத்தை நிறுத்திவிடும். இலங்கையில் யானைகளைத் தடுக்கும் முறையான மின்வேலியும் துடிப்பு வேலியே. பயிரைக் காக்கவென்று வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைப்பது சட்டவிரோதம். அத்தகைய கம்பிகளில் யானைகள் மட்டுமன்றி மனிதரும் மாண்டிருக்கின்றனர். அதனை வேலியென அழைப்பதே தவறு.

துடிப்பு, கம்பியிலிருந்து மாட்டின் உடல் வழியே மண்ணில் இறங்கி, நிலத்தில் அறைந்த உலோகக் கோலை அடைந்து, கருவிக்குத் திரும்ப வேண்டும். டெக்சாஸின் மேற்குப் பகுதிகளில் மண் காய்ந்து பாறையாகும் மாதங்களில் இவ்வழி அடைபட்டுப் போகும். கம்பியைத் தொட்ட மாட்டுக்கு ஒன்றும் நேராது. அச்செய்தி மந்தைக்குத் தெரிய அதிக நாள் ஆவதில்லை. அங்கே நிலக்கோலுடன் இணைத்த இரண்டாவது கம்பியொன்றை அருகே ஓட்டுவர். இரண்டையும் ஒருங்கே தொடும் மாட்டுக்கு மண்ணின் உதவியின்றியே அதிர்ச்சி கிட்டும். மாரியிலோ வேறு தொல்லை: வளர்ந்த புல் கம்பியைத் தொட்டு மின்சாரத்தைக் கசியவிடும். ஆகையால் பீப்பாய்க்குச் சோளம் கொண்டுசெல்வோர், கூடவே ஒரு புல்வெட்டுங் கத்தியையும் மின்னழுத்தமானியையும் எடுத்துச் செல்வது வழக்கம்.