1,450 கோடியா, 1,310 கோடியா? கார்னிங் கம்பெனியோட 2024 கணக்கும் வெண்டல் வீக்ஸும்

இந்த எபிசோடை மேலநீலிதநல்லூர்ல இருந்து பதிவு பண்றேன். ஊருக்கு வந்த இடத்துல ரெண்டு நாளா ஆபீஸ் வேலையும் இங்க இருந்தே ஓடுது. வீடியோ கால் ஒரு தடவைகூட நடுவுல நின்னு போகல. ஸ்கூல் முடிச்ச வருஷம் இன்ஜினியரிங் கவுன்சலிங் விவரம் பார்க்கவே சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போனவன் நான். நடுவுல மாறினது ஒண்ணுதான். தெருக் கம்பத்து மேல ஒரு மெல்லிய கறுப்புக் கேபிள் வந்துச்சு. அதுக்குள்ள ஓடுறது செம்பு இல்ல, கண்ணாடி. தலைமுடி கனத்துல ஒரு கண்ணாடி இழை.

அந்தக் கேபிளை யார் செஞ்சிருந்தாலும் சரி, அந்த இழையோட கதை தொடங்குறது அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல இருக்கிற கார்னிங்னு ஒரு சின்ன ஊர்ல. ஊர் பேரும் கார்னிங், கம்பெனி பேரும் கார்னிங். நம்ம போன் மேல இருக்கிற கொரில்லா கிளாஸ் செய்றதும் இவங்கதான். இன்னைக்கு இவங்களோட 2024 ஆண்டுக் கணக்கையும், அதை நடத்துற வெண்டல் வீக்ஸ்ங்கிற மனுஷரையும் சேர்த்துப் பார்க்கப் போறோம். ஷேர் வாங்குங்க, விற்குங்கன்னு சொல்ற எபிசோடு இல்ல இது. ஒரு கம்பெனியோட ரிசல்ட்டை எப்படிப் படிக்கணும்ங்கிறதுதான் விஷயம்.

முதல்ல நல்ல செய்தி. 2024-ல கார்னிங் சொன்ன விற்பனை சுமார் 1,450 கோடி டாலர். அதுக்கு முந்தைய வருஷத்தைவிட 7 சதவீதம் அதிகம். ஒரு பங்குக்கு லாபம் 1.96 டாலர், 15 சதவீத வளர்ச்சி. 2023 அவங்களுக்கு மோசமான வருஷம். விற்பனையும் லாபமும் ரெண்டுமே இறங்கியிருந்துச்சு. அதுல இருந்து எழுந்து வந்த வருஷம் 2024. தலைப்புச் செய்தியும் அப்படித்தான் வந்துச்சு.

இப்போ அதே அறிக்கையில கொஞ்சம் கீழ வாங்க. அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி போட்ட விற்பனை சுமார் 1,310 கோடி டாலர். ஒரு பங்குக்கு லாபம் 58 சென்ட். அதாவது 0.58 டாலர். மேல 1.96, கீழ 0.58. ஒரே கம்பெனி, ஒரே வருஷம்.

இது என்ன, கண்ணுல மண்ணைத் தூவுறாங்களா? அவசரப்பட வேண்டாம். காரணத்தைப் பார்ப்போம். நீங்க ஒரு ஜப்பான் கம்பெனிக்கு ஃப்ரீலான்ஸ் பண்றீங்கன்னு வைங்க. மாசம் இவ்வளவு யென்னு பேசி முடிச்சாச்சு. யென்னோட மதிப்பு இறங்கிட்டா, வேலை அதே, யென் அதே, ஆனா உங்க அக்கவுண்ட்ல விழுற ரூபாய் குறையும். கார்னிங்குக்கு நடந்தது இதுதான். டிவி, மானிட்டர் திரைக்கான கண்ணாடியை அவங்க யென் விலையில விற்கிறாங்க. ஒரு டாலருக்கு 107 யென்னு அவங்களே ஒரு நிலையான கணக்கு வச்சுக்கிட்டு போட்ட நம்பர்தான் அந்த 1,450. நிஜத்துல 2024-ல ஒரு டாலர் 150 யென்னைத் தொட்டுத் தாண்டிப் போய்க்கிட்டிருந்துச்சு. நிஜ விலையில போட்டா 1,310. லாபத்துல இருக்கிற பெரிய வித்தியாசத்துக்கு வேறு சில கழித்தல் கூட்டலும் காரணம்.

அவங்க பக்கத்து நியாயம் என்னன்னா, யென் விழுந்தா நஷ்டம் வராம இருக்க முன்கூட்டியே நாணய ஒப்பந்தங்கள் போட்டு வச்சிருக்காங்க. அதுல இருந்து பணமும் வருது. ஆனா அது விற்பனைங்கிற வரியில வராது. அதனால எங்க தொழில் நிஜமா எப்படி ஓடுதுன்னு காட்ட இந்த இன்னொரு கணக்கு வேணும்னு சொல்றாங்க. இதுல உண்மை இருக்கு. தொழில்ல இருந்து கைக்கு வந்த ரொக்கம் அந்த வருஷம் 190 கோடி டாலருக்கு மேல. வெறும் காகித லாபம் இல்ல.

ஆனா யென் பல வருஷமா இறங்கிக்கிட்டே இருந்தா, 107-ங்கிறது ஒரு கட்டத்துல பழைய நினைப்புதானே? அவங்களும் இதை உணர்ந்த மாதிரிதான் தெரியுது. 2025 தொடக்கத்துல இருந்து கணக்கு விகிதத்தை 120-க்கு மாத்திட்டாங்க. திரைக் கண்ணாடி விலையையும் ஏத்தினாங்க. ஆக, முதல் பாடம் இது: தலைப்புல இருக்கிற நம்பர் கம்பெனி நமக்குச் சொல்ல விரும்புற கதை. விதிப்படி போட்ட நம்பர் அந்தக் கதைக்கான சாட்சி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் படிக்கணும்.

சரி, அந்த வளர்ச்சி எங்கிருந்து வந்துச்சு? முக்கியமா கண்ணாடி இழையில இருந்து. ஆப்டிகல் பிரிவு 2024-ல சுமார் 466 கோடி டாலருக்கு வித்துச்சு, 16 சதவீதம் அதிகம். அதுக்குள்ள டேட்டா சென்டர் வகையறா விற்பனை மட்டும் 49 சதவீதம் ஏறிச்சு. காரணம் ஏஐ. நம்மள்ல பாதிப் பேர் இதே துறையில இருக்கோம், தெரிஞ்சதுதான். ஆயிரக்கணக்கான ஜிபியு ஒண்ணோட ஒண்ணு பேசணும். அதை இணைக்கிற இழை பழைய டேட்டா சென்டரைவிடப் பல மடங்கு வேணும்.

ஆனா இன்னொண்ணையும் கவனிங்க. விற்பனையில பெரிய பிரிவு ஆப்டிகல்னாலும், லாபம் அதிகம் கொடுத்தது திரைக் கண்ணாடிதான். அது சுமார் 100 கோடி டாலர் சம்பாதிச்சுது. ஆப்டிகல் 61 கோடி. வீட்டுக்குச் சோறு போடுறது மூத்தவன், ஊரு பேசுறது இளையவனை.

இந்த இடத்துல ஒரு பழைய கதை சொல்லியாகணும். இல்லேன்னா 2024 நம்பருக்கு அர்த்தமே புரியாது.

1970-ல கார்னிங்ல மூணு விஞ்ஞானிகள் - ராபர்ட் மாவ்ரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷூல்ட்ஸ் - முதல் முறையா தகவல் அனுப்பப் பயன்படுற அளவுக்குத் தெளிவான கண்ணாடி இழையைச் செஞ்சாங்க. ஒரு கிலோமீட்டர் போன பிறகு நூத்துல ஒரு பங்கு வெளிச்சமாவது மிஞ்சணும், அதுதான் அப்போ இலக்கு. அதை அவங்க தாண்டினாங்க. இன்னைக்கு உள்ள இழையில 95 பங்குக்கு மேல மிஞ்சுது.

அப்புறம் 1990-கள் கடைசியில இன்டர்நெட் பூம் வந்துச்சு. உலகம் முழுக்க கேபிள் புதைச்சாங்க. கார்னிங் ஆலை மேல ஆலையா விரிவாக்கிச்சு. இத்தாலியோட பிரெல்லி கம்பெனிகிட்ட இருந்து ஒரு ஆப்டிகல் தொழிலை 300 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்கிச்சு. 2000 செப்டம்பர்ல பங்கு விலை 113 டாலர் பக்கம் போச்சு. அப்புறம் பூம் உடைஞ்சுது. புதைச்ச கேபிள்ல பெரும்பகுதி வெளிச்சமே பார்க்காமக் கிடந்துச்சு. 2001-ல மட்டும் நஷ்டம் சுமார் 550 கோடி டாலர். 2002 அக்டோபர்ல பங்கு விலை ஒன்றரை டாலருக்கும் கீழ. ஆலைகள் மூடினாங்க, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. ஒரு கம்பெனியை நம்பி இருக்கிற சின்ன ஊர்ல இதுக்கு என்ன அர்த்தம்னு ஸ்பின்னிங் மில் மூடின ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

அந்த ஆப்டிகல் தொழிலை அப்போ நடத்தினவர் யாருன்னு நினைக்கிறீங்க? இதே வெண்டல் வீக்ஸ்தான். 1983-ல நிதிப் பிரிவுல சேர்ந்து படிப்படியா மேல வந்தவர். பொதுவா கதை இங்கயே முடிஞ்சிருக்கும். மெயில் ஒண்ணு வரும், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போகணும்.

அப்படி நடக்கல. கம்பெனியைத் தொடங்கின குடும்பத்தைச் சேர்ந்தவர் ஜேம்ஸ் ஹோட்டன். 1996-லயே ஓய்வு பெற்றவர். நெருக்கடியில 2002-ல திரும்பி வந்து தலைமைப் பொறுப்பை எடுத்தாரு. வந்ததும் வீக்ஸைத் தனக்கு அடுத்த இடத்துல வச்சாரு. 2005-ல வீக்ஸ் தலைமைச் செயல் அதிகாரி ஆனாரு. 20 வருஷம் ஆச்சு, இன்னும் அவர்தான்.

தப்பு பண்ணினவரை ஏன் வச்சுக்கிட்டாங்க? என்னோட புரிதல் இது. அந்தப் பாடத்துக்கு ஏற்கனவே 550 கோடி டாலர் ஃபீஸ் கட்டியாச்சு. படிச்சவனை அனுப்பிட்டா, அடுத்து வர்றவனுக்கு மறுபடியும் ஃபீஸ் கட்டணும். ஆனா இதோட இன்னொரு பக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. மேல இருந்தவருக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடைச்சுது. ஆலையில வேலை போன ஆயிரக்கணக்கான பேருக்கு அது கிடைக்கல. லேஆஃப் நடக்குற துறையில இருக்கிற நமக்கு இது உறுத்தத்தான் செய்யும். உறுத்தணும்.

அந்த மோசமான காலத்துல அவங்க செஞ்ச ரெண்டு காரியம் முக்கியம். ஒண்ணு, கண்ணாடி இழைத் தொழிலை வித்துட்டு ஓடல. ரெண்டு, ஆராய்ச்சியைக் கைவிடல. அலமாரியில கிடந்த பழைய கண்டுபிடிப்புகள்தான் அவங்களைக் காப்பாத்துச்சு. 1960-கள்ல கார் கண்ணாடிக்காக உருவாக்கின ஒரு முறை: உருகின கண்ணாடி ஒரு தொட்டியில நிரம்பி ரெண்டு பக்கமும் வழிஞ்சு, கீழ ஒண்ணா சேர்ந்து தகடா இறங்கும். கார்ல எடுபடல. எல்சிடி டிவி வந்ததும் அதுவே பெருந்தொழில் ஆச்சு. அதே 60-கள்ல செஞ்சு பார்த்து ஓரம் வச்ச இன்னொண்ணு, வலுவேத்தின கண்ணாடி. முதல் ஐபோனுக்காக ஸ்டீவ் ஜாப்ஸ் கேட்டப்போ, எங்ககிட்ட அதைச் செய்ற ஆலையே இப்போ இல்லன்னு சொன்னவர் வீக்ஸ். அப்புறம் சில மாசத்துல கென்டக்கி மாநிலத்து ஹாரட்ஸ்பர்க் ஆலையை மாத்தி அமைச்சுச் செஞ்சு கொடுத்தாங்க. 2007-ல நடந்த கதை. இன்னைக்கும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல ஆராய்ச்சிக்குப் போகுது. இந்தக் காலாண்டுல பலன் தராத செலவு அது.

இப்போ 2024-க்குத் திரும்புவோம். மறுபடி ஒரு பூம், மறுபடி கண்ணாடி இழை, மறுபடி அதே மனுஷர். 2000 மாதிரியே மறுபடி விழுமா? இந்தக் கேள்விக்கு நம்ம பதிலைத் தேட வேண்டிய இடம் விற்பனை நம்பர் இல்ல, ஆலை. வீக்ஸ் இந்தத் தடவை போட்ட திட்டத்துக்குப் பேரு ஸ்பிரிங்போர்ட். 2026 முடிவுக்குள்ள ஆண்டு விற்பனை வேகத்துல 300 கோடி டாலருக்கு மேல கூட்டணும், லாப விகிதத்தை 20 சதவீதம் ஆக்கணும். 2025 மார்ச்ல அந்த 300-ஐ 400 ஆக்கினாங்க. இதுல கவனிக்க வேண்டியது, தேவையான ஆலைகள்ல பெரும்பகுதி ஏற்கனவே கட்டி முடிச்சதுங்கிறதுதான். அடுத்து, 2024-ல லூமன்னு ஒரு அமெரிக்க நெட்வொர்க் கம்பெனி, கார்னிங்கோட உலக இழை உற்பத்தித் திறன்ல 10 சதவீதத்தை ரெண்டு வருஷத்துக்கு முன்பதிவு பண்ணிச்சு. 2000-ல ஆலையைக் கட்டிட்டு ஆளைத் தேடினாங்க. இப்போ ஆள் கையெழுத்துப் போடுறான். பாடம் ஏறியிருக்குன்னு எனக்குத் தோணுது. ஆனா பூம் நடுவுல எல்லாருமே புத்திசாலி மாதிரிதான் தெரிவாங்க. நிஜப் பரீட்சை, ஏஐ செலவு குறையுற வருஷத்துல. புது ஆலைக்கு அவங்க எவ்வளவு செலவழிக்கிறாங்கங்கிற வரியை வருஷா வருஷம் பாருங்க.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கம் சிப்காட் இருக்கு. அங்க கார்னிங்கும் ஆப்டீமஸ்ங்கிற இந்தியக் கம்பெனியும் சேர்ந்து, பாரத் இன்னோவேஷன் கிளாஸ்ங்கிற பேருல, போன் முன்பக்கக் கண்ணாடி செய்ற ஆலைக்கு வந்திருக்காங்க. 2024 ஜனவரி சென்னை முதலீட்டாளர் மாநாட்டுல சொன்ன கணக்கு: 1,003 கோடி ரூபாய், 840 பேருக்கு வேலை. நல்ல விஷயம், சந்தேகமே இல்ல. ஆனா அங்க நடக்கிறது கண்ணாடியை வெட்டி, வடிவம் கொடுத்து, போனுக்குப் பொருந்துற மாதிரி முடிச்சுத் தர்ற வேலை. கண்ணாடியை உருக்குற உலையும், அதோட கலவையைக் கண்டுபிடிக்கிற ஆய்வகமும் வேற இடத்துல. 2001-ல அந்தக் கம்பெனியைக் காப்பாத்தினது ஆய்வகத்து அலமாரின்னு இப்பதான் பார்த்தோம். வேலை நம்ம ஊருக்கு வந்தா மகிழ்ச்சி. அலமாரியும் வந்தாத்தான் அடுத்த சரிவுல நாம நிமிர்ந்து நிப்போம்.

மேலநீலிதநல்லூர்ல கல்லூரி இருக்கு. அங்க வேதியியலோ இயற்பியலோ படிக்கிற தம்பி, தங்கச்சி யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, எல்லாரும் கோடிங்குக்கே வரணும்னு இல்ல. நான் இங்க உட்கார்ந்து கோடு எழுத முடியுறதே யாரோ ஒருத்தர் 1970-ல கண்ணாடியைக் கரைச்சுக் கரைச்சுப் பார்த்ததாலதான்.

இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம். உங்க கம்பெனியோட கடைசி ஆண்டறிக்கையை எடுங்க. மேல இருக்கிற லாபம், விதிப்படி போட்ட லாபம், ஆராய்ச்சிச் செலவு, இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. அடுத்த ஆல்-ஹேண்ட்ஸ் மீட்டிங்ல கேட்க உங்ககிட்ட ஒரு நல்ல கேள்வி இருக்கும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.