ஆர்டர் போட்டாச்சு, லேப்டாப் எங்கே?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கும்படி பேச்சு சில இடங்களில் சுருக்கப்பட்டுத் திருத்தப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோட் முக்கியமாக ஃபால் செமஸ்டருக்கு அமெரிக்கா கிளம்புறவங்களுக்கு. ஏற்கெனவே அங்கே போய் இறங்கி, "உங்கள் ஆர்டர் பிராசஸ் ஆகிக்கொண்டிருக்கிறது" என்ற ஒரே மெயிலைப் பத்து நாளாகத் திறந்து திறந்து பார்க்கிறவங்களுக்கும்தான்.

கேள்வி ரொம்ப சிம்பிள். யூனிவர்சிட்டி கேம்பஸ் ஸ்டோர்ல லேப்டாப் ஆர்டர் பண்ணா ஏன் இவ்வளவு லேட் ஆகுது? லேட் ஆயிடுச்சுன்னா நம்ம கையில என்ன இருக்கு?

முதல்ல காலண்டரைப் பார்ப்போம். எஃப்-1 விசாவில் முதல் முறையாகப் போறவங்க, ஐ-20 படிவத்தில் இருக்கிற தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே நுழைய முடியாது. பல பல்கலைக்கழகங்களில் ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு ஆரம்பிச்சிடும். அப்போ ஆகஸ்ட் முதல் வாரம் இறங்கினா உங்ககிட்ட இருக்கிறது மூணு வாரம். அதுக்குள்ள ரூம் பார்க்கணும், சிம் வாங்கணும், பேங்க் அக்கவுன்ட் திறக்கணும். "பழைய லேப்டாப்பைத் தம்பிக்குக் கொடுத்துட்டேன், அங்கே போய் புதுசு வாங்கிக்கலாம்"னு கிளம்பியிருந்தா, லேப்டாப் இல்லாம முதல் அசைன்மென்ட் வந்து நிக்கும். அதனால இது பொறுமை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. படிப்பும் பணமும் சம்பந்தப்பட்டது.

அங்கேயே ஏன் வாங்கணும்?

பெரும்பாலானவங்க சொல்ற காரணம் மாணவர் தள்ளுபடி. உதாரணத்துக்கு, 2025-ல் வந்த எம்4 மேக்புக் ஏரின் ஆரம்ப விலை 999 டாலர், மாணவர்களுக்கு 899. ஆனா அந்த மாணவர் விலை ஆப்பிளின் சொந்த இணையக் கடையிலும் இருந்தது. டெல், ஹெச்பி, லெனோவா எல்லாத்துக்கும் தனி மாணவர் பக்கம் இருக்கு. ஆக, விலை மட்டும்தான் காரணம்னா, அதே விலை வேற வழியில கிடைக்குதான்னு முதல்ல பாருங்க.

கேம்பஸ் ஸ்டோருக்குப் போக நல்ல காரணங்களும் இருக்கு. சில இடங்களில் லேப்டாப் விலையை உங்க ஸ்டூடன்ட் அக்கவுன்ட்ல ஏத்திட்டு, ஃபீஸோட சேர்த்துக் கட்டலாம். சில துறைகள் "இந்த மாடல், இந்த அளவு மெமரி"ன்னு ஒரு பேக்கேஜ் வெச்சிருக்கும். ரிப்பேர்னா கேம்பஸ்லயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். இதுல ஏதாவது ஒண்ணு உங்களுக்குத் தேவைன்னா அங்கே வாங்குறதுல அர்த்தம் இருக்கு.

ஒண்ணு கவனிங்க. போர்டில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் கடையை நடத்துறது வேற கம்பெனியா இருக்கலாம். பார்ன்ஸ் அண்ட் நோபிள் காலேஜ், ஃபாலெட் ரெண்டும் நூற்றுக்கணக்கான கேம்பஸ்களில் கடை நடத்துது. சில பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்துது. யார் நடத்துறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

லேட் எங்கே நடக்குது?

மூணு இடத்துல: தொழிற்சாலையில, நடுவுல இருக்கிற கைகள்ல, கடையோட பின்வாசல்ல.

தொழிற்சாலையில இருந்து ஆரம்பிப்போம். மூடி மேல டெல், ஹெச்பி, ஆப்பிள்னு எது இருந்தாலும், உலகத்தின் பெரும்பாலான லேப்டாப்களைக் கோத்து முடிக்கிறது குவாண்டா, காம்பால், விஸ்ட்ரான், இன்வென்டெக் மாதிரியான தைவான் நிறுவனங்கள்தான். அவங்க ஆலைகளில் பெரும்பகுதி சீனாவில் இருக்கு. நிறைய விற்கிற மாடல்களை முன்கூட்டியே செஞ்சு அமெரிக்கக் கிடங்குகளில் அடுக்கி வெச்சிருப்பாங்க. அதை எடுத்தா சில நாளில் கைக்கு வந்துடும். "மெமரி மட்டும் கொஞ்சம் கூட வேணும்"னு நீங்க ஒரே ஒரு பெட்டியில டிக் பண்ணா, உங்க லேப்டாப் கிடங்குல கிடையாது. இனிமேதான் செய்யணும். ஆலையோட வரிசையில கடைசி ஆளா போய் நிக்கிறீங்க. அது ஆகஸ்ட் மாசம்னா, அந்த வரிசையில நிறைய மாணவர்கள் உங்களுக்கு முன்னாடி நிக்கிறாங்க.

அந்த வரிசை மொத்தமா நின்னுபோன காலமும் உண்டு. 2020 ஆகஸ்டில், லெனோவா, ஹெச்பி, டெல் மூணும் அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டிய லேப்டாப்களில் சுமார் 50 லட்சம் பற்றாக்குறைன்னு அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது. கொரோனாவால எல்லாருக்கும் ஒரே நேரத்துல லேப்டாப் தேவைப்பட்டது. சில சீன சப்ளையர்கள் மேல அமெரிக்கா போட்ட தடையும் சேர்ந்துக்கிச்சு. 2022 ஏப்ரலில் ஷாங்காய் ஊரடங்கில் குவாண்டா ஆலை நின்னப்போ, மேக்புக் ப்ரோ வாங்கினவங்க வாரக்கணக்கில் காத்திருந்தாங்க. இந்த மாதிரி நேரத்துல கேம்பஸ் ஸ்டோர் கவுன்ட்டர்ல நிக்கிற பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவது, நடுவுல இருக்கிற கைகள். கம்பெனியோட இணையதளத்துல ஆர்டர் போட்டா அது நேரா கம்பெனிக்குப் போகுது. கேம்பஸ் ஸ்டோர்ல போட்டா, முதல்ல கடைக்குப் போகுது. கடைதான் கம்பெனிக்கோ மொத்த விநியோகஸ்தருக்கோ ஆர்டர் அனுப்பணும். சில கடைகள் பல ஆர்டர்களைச் சேர்த்து வாரத்துக்கு ஒரு முறை அனுப்பும். ஸ்டூடன்ட் அக்கவுன்ட்ல ஏத்துறீங்கன்னா, அதுக்கு ஒப்புதல் வர்ற வரைக்கும் ஆர்டர் நகராம இருக்கலாம். நீங்க திங்கட்கிழமை பணம் கட்டியிருப்பீங்க. கம்பெனி கணக்குல உங்க ஆர்டர் அடுத்த திங்கட்கிழமைதான் பிறந்திருக்கும்.

மூணாவது, பின்வாசல். ஆகஸ்ட் கடைசியில அந்தக் கடைக்குப் பாடப்புத்தகம், டி-ஷர்ட், பேக் எல்லாமே லாரி லாரியா வந்து இறங்கும். உங்க பெட்டி உள்ளே வந்திருக்கும். யாரும் பிரிச்சு ஸ்கேன் பண்ணி, "வந்து எடுத்துக்கோங்க" மெயில் அனுப்பியிருக்க மாட்டாங்க. நீங்களா போய்க் கேட்டு அன்னிக்கே சரியாகிற லேட் இது ஒண்ணுதான்.

அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

"பிராசஸிங்"னா, ஆர்டர் இன்னும் கடையை விட்டுக் கிளம்பாமலே இருக்கலாம். "பேக்ஆர்டர்"னா சரக்கு இல்லை. தேதி போட்டிருந்தாலும் அது ஒரு அனுமானம். "ஷிப்டு"ன்னு வந்தா துள்ளிக் குதிக்காதீங்க. கம்பெனி கடைக்கு அனுப்பியிருக்கா, கடை உங்களுக்கு அனுப்பியிருக்கான்னு கேளுங்க. கூரியர் பக்கத்துல "லேபிள் உருவாக்கப்பட்டது"ன்னு மட்டும் இருந்தா, பெட்டி இன்னும் கூரியர் கைக்கே போகலை.

அப்புறம் "10 பிசினஸ் டேஸ்". அது பத்து நாள் இல்லை, முழுசா ரெண்டு வாரம். நடுவுல செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வந்தா லேபர் டே லீவு, இன்னும் ஒரு நாள் கூடும்.

சட்டம் என்ன சொல்லுது?

இது நிறைய பேருக்குத் தெரியாத பகுதி. அமெரிக்காவில் எஃப்டிசி, அதாவது மத்திய வர்த்தக ஆணையம், 1975-ல் தபால் ஆர்டர்களுக்காக ஒரு விதி கொண்டுவந்தது. 1993-ல் தொலைபேசி ஆர்டரும், 2014-ல் இணைய ஆர்டரும் வெளிப்படையாக அதில் சேர்ந்தது. சுருக்கமா: விற்கிறவர் ஒரு தேதி சொல்லியிருந்தா அதுக்குள்ள அனுப்பணும். தேதியே சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள அனுப்பணும். கவனிங்க, இது கடையிலிருந்து அனுப்ப வேண்டிய கெடு. உங்க கைக்கு வந்து சேர வேண்டிய கெடு இல்லை.

முடியலைன்னா, உங்களுக்குச் சொல்லி ரெண்டு வழி கொடுக்கணும்: காத்திருக்கலாம், இல்லேன்னா ரத்து செஞ்சு முழுப் பணத்தையும் வாங்கிக்கலாம். இங்கேதான் ஒரு நுணுக்கம். முதல் தாமதம் 30 நாளுக்குள்ளேன்னு சொல்லி மெயில் வந்து, நீங்க பதிலே போடலைன்னா, சம்மதிச்சதா எடுத்துக்குவாங்க. ரெண்டாவது முறையும் தள்ளிப்போனா, நீங்க வாயைத் திறந்து "சரி"ன்னு சொல்லணும்; சொல்லலைன்னா அவங்க ஆர்டரை ரத்து பண்ணிப் பணத்தைத் திருப்பணும். பணத்தைப் பணமாத்தான் தரணும், "கடையில வேற ஏதாவது வாங்கிக்கோங்க"ன்னு கூப்பன் நீட்டக் கூடாது. அதனால தாமத மெயில் வந்தா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போகாதீங்க. அன்னிக்கே படிச்சு, அன்னிக்கே முடிவெடுங்க.

இந்த விதி தபால், தொலைபேசி, இணையம் வழியா போட்ட ஆர்டர்களுக்குத்தான். கவுன்ட்டர்ல நேரா போய் நின்னு ஆர்டர் கொடுத்தா இந்தப் பாதுகாப்பு கிடையாது. பல்கலைக்கழகமே நடத்துற கடைன்னா, இந்த ஆணையத்தின் அதிகாரம் அங்கே செல்லுமாங்கிறது தனிக் கேள்வி. யார் நடத்துறாங்கன்னு பார்த்து வெச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான். எப்படி இருந்தாலும், கடையோட சொந்த ரத்து விதியை எழுத்துல வாங்கி வெச்சுக்கிறது நல்லது. கஸ்டமா செஞ்ச லேப்டாப்பை வந்தபிறகு திருப்பி எடுத்துக்க மாட்டோம்னு சொல்ற கடைகளும் உண்டு.

எந்தக் கார்டுல கட்டுறீங்கங்கிறதும் முக்கியம். அமெரிக்க கிரெடிட் கார்டுன்னா 1974-ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு: ஒப்புக்கொண்டபடி பொருள் வந்து சேரலைன்னா, அந்தத் தொகை வந்த முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள்ள எழுத்து மூலமா ஆட்சேபிக்கலாம். புதுசா போய் இறங்கினவங்க கையில பெரும்பாலும் டெபிட் கார்டுதான் இருக்கும். அதுக்கு இந்தச் சட்டத்தோட கவசம் கிடையாது, பேங்க் மனசு வெச்சாதான். அதனால டெபிட் கார்டுல ஆயிரம் டாலரைத் தேதி தெரியாத ஆர்டருக்குக் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

சரி, என்ன பண்ணலாம்?

பணம் கட்டுறதுக்கு முன்னாடி கடைக்கு ஒரு மெயில் போடுங்க. நாலே கேள்வி. ஒண்ணு, இந்த மாடல் இப்போ உங்க கையிருப்பில் இருக்கா, இனிமேதான் வரவழைக்கணுமா? ரெண்டு, வரவழைக்கணும்னா என் ஆர்டரைக் கம்பெனிக்கு என்னிக்கு அனுப்புவீங்க? மூணு, சொன்ன தேதிக்கு வரலைன்னா கட்டணம் எதுவும் இல்லாம ரத்து பண்ணலாமா? நாலு, காத்திருக்கிற நாட்களுக்கு இரவல் லேப்டாப் தருவீங்களா? "இதையெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாங்களோ"ன்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அங்கே யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. கேட்காதவங்களுக்குத்தான் பதில் வராது.

அப்புறம் நாள் கணக்கு. வகுப்பு ஆரம்பிக்க மூணு வாரத்துக்கும் குறைவா இருந்தா, கஸ்டம் ஆர்டர் வேண்டாம். கையிருப்பில் இருக்கிறதை எடுங்க. "அப்போ மெமரி பத்தாதே"ன்னு கேட்பீங்க. நியாயமான கவலைதான், மேக்புக்ல பின்னாடி மெமரியைக் கூட்டவே முடியாது. ஆனா 2024 அக்டோபரில் ஆப்பிள் மேக்புக் ஏரின் ஆரம்ப மாடலையே 8 ஜிபியிலிருந்து 16 ஜிபிக்கு உயர்த்திடுச்சு. முன்னாடி மெமரிக்காக மட்டும் கஸ்டம் ஆர்டர் போட்டுக் காத்திருந்த நிறைய பேருக்கு இப்போ அந்த அவசியமே இல்லை. சேமிப்பு இடம் பத்தலைன்னா வெளியில ஒரு டிரைவ் மாட்டிக்கலாம். விண்டோஸ் லேப்டாப் சிலதுல மெமரியைப் பின்னாடி மாத்திக்கலாம்; வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலில் முடியுமான்னு பாருங்க. மெக்கானிக்கல் படிக்கிறவங்க துறையோட பட்டியலைப் பார்க்காம எதையும் வாங்காதீங்க. சாலிட்வொர்க்ஸ் மாதிரியான மென்பொருள் விண்டோஸுக்காகச் செஞ்சது.

ஏற்கெனவே ஆர்டர் போட்டு மாட்டிக்கிட்டீங்களா? நேரா லைப்ரரிக்குப் போங்க. அமெரிக்கப் பல்கலைக்கழக லைப்ரரிகள் பலதுல புத்தகம் மாதிரியே லேப்டாப்பும் இரவல் தர்றாங்க. சில இடத்துல சில மணி நேரம், சில இடத்துல வாரக்கணக்கில். செமஸ்டர் தொடங்கின முதல் வாரம் அதுக்கும் போட்டி இருக்கும், முந்திக்கோங்க. கம்ப்யூட்டர் லேப் இருக்கும். பேராசிரியருக்கும் ரெண்டு வரி மெயில் போட்டுடுங்க: லேப்டாப் வர இந்தத் தேதி ஆகும், அதுவரைக்கும் லைப்ரரி மெஷின்ல வேலை பார்க்கிறேன்னு. அசைன்மென்ட் கெடு முடிஞ்சபிறகு சொல்ற காரணத்தைவிட, முன்னாடியே சொல்ற தகவலுக்கு மதிப்பு அதிகம்.

100 டாலர் தள்ளுபடி சின்னத் தொகை இல்லை. ரூபாயில மாத்திப் பார்த்தா வீட்டுல யாரோ கஷ்டப்பட்டு அனுப்பின பணம். அதை மிச்சம் பிடிக்கணும்தான். அந்த நூறு டாலருக்காக எத்தனை வாரம் கொடுக்கிறோம்ங்கிறதைப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டா, காத்திருக்கிறது நம்ம முடிவா இருக்கும்.

கிளம்புற எல்லாருக்கும் வாழ்த்துகள். போற ஃப்ரெண்ட்ஸ் இருந்தா, ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பேசுவோம்.