கரண்டு போனால் மாடிச் சூரியன் எரியுமா?



மாடியில் சூரிய மின்தகடு போட்டுவிட்டால், ஊரே இருண்டாலும் நம் வீட்டு விளக்கு மட்டும் எரியும் என்று நாஞ்சில் நாட்டில் பலர் நம்புகிறார்கள். எரியாது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை இருவழி மீட்டர் வழியாக வெளியே அனுப்பும் சாதாரண அமைப்பு, வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைச் சூறையாடி, ரப்பர் மரங்களும் தென்னைகளும் கம்பிகளின்மேல் சாய்ந்து, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்து, கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தபோது, வெளியூரிலிருந்து வந்து கம்பத்தில் ஏறி நின்ற ஊழியரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அறுந்த கம்பியை அவர் பற்றும் வேளையில், எங்கோ ஒரு மாடியிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாய்ந்தால் பிராணாபாயம் அல்லவா? அந்த உயிரைக் காக்கவே இந்த விதி. மிகவும் நியாயமான விதி.

மின்தடையிலும் வெளிச்சம் அவசியமென்றால், வெளிக்கம்பியிலிருந்து தானே துண்டித்துக்கொள்ளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியே வேண்டும். செலவு கூடத்தான் செய்யும்.

ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், "கரண்டு போனால் இது எரியுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.