தைக்கு முன்னே ஒரு தரம்பிரிப்பு

மார்கழி கழியும் நாட்களில் மலைநாட்டுத் தோட்டங்களிலே ஒரு பரபரப்பைக் காணலாம். நுவரெலியாவில் விடியற்காலை உறைபனி புல்லின்மேல் வெண்மை விரித்திருக்கும். மலையிலிருந்து இறங்கிய பெண்கள், கூடையை இறக்கி வைத்த கையோடு சுண்ணாம்பு கரைக்கத் தொடங்குவர். பாய், பானை, பெட்டி, படுக்கை யாவும் இஸ்தோப்புக்கு வந்துவிடும். தைப்பொங்கலுக்கு முன்னர் காம்பராவை ஒழித்துத் துப்புரவு செய்து, புகையேறிய சுவருக்கு வெள்ளை பூசியாக வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் அன்று. லயத்தின் அமைப்பே இதனைக் கட்டாயமாக்குகின்றது. லயங்களுட் பல, இரண்டு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு சேர்ந்து ஒரே கூரையின் கீழ் நிற்கும் நீண்ட கட்டடங்களாம். காப்பிக் காலத்தில் தோன்றிய இவ்வமைப்பு, 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் காப்பியை அழித்துத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பின்னரும் மாறவில்லை. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஓர் அறை. அதன் முன்னே சிறியதோர் இஸ்தோப்பு. அதற்குள்ளேதான் அடுப்பும் விறகும், பிள்ளைகளின் புத்தகங்களும், சாமி படமும், மூன்று தலைமுறையின் படுக்கையும். அத்தகைய வீட்டில் புதுப்பொருள் ஒன்று உள்ளே வருவதாயின் பழம்பொருள் ஒன்று வெளியே போகத்தான் வேண்டும்.

ஆகவே, கழிப்பது நன்று. கிழிந்த பாயும், ஓட்டை விழுந்த தகரமும், அடி கழன்ற கூடையும் வீட்டில் இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஈரமேறிய பழந்துணி இருமலைத்தான் வளர்க்கும். போகித் தீயில் இடுவோர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பொலித்தீனும் றப்பரும் எரிந்தால் நச்சுப்புகை எழும். லயமோ ஒரே கூரையின் கீழ் நிற்பது. ஒரு வாசலில் எழும் பொறி அவ்வரிசை முழுவதையும் பற்றக்கூடும். தீயைக் கூரைக்கு எட்டாத தூரத்தில் மூட்டுவதே அறிவுடைமை.

ஆயினும், இந்தத் துப்புரவில் வேறோர் ஆபத்து உண்டு. கட்டிலுக்கு அடியில் பாட்டியின் டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். திறந்தால் மஞ்சளேறிய காகிதங்கள். மடித்த மடிப்பிலே கிழிந்தவை. எந்த மொழியில் உள்ளன என்று பாட்டிக்கே தெரியாதவை. பேரனுக்கு அவை குப்பையாகத் தோன்றும். பாட்டி மட்டும், “அதைத் தொடாதே, அப்பு” என்பாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் காரணத்தை இளையோர் அறிந்திருத்தல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தது மட்டும் போதாது என்றது. தந்தை இங்கே பிறந்தவர் என்றாவது, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றாவது காட்டவேண்டியதாயிற்று. லயத்தில் பிறந்த பிள்ளைக்கே பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாதிருந்த காலத்தில், பாட்டனுக்கும் பூட்டனுக்கும் பத்திரம் தேடி எங்கே செல்வது? மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946ஆம் ஆண்டு சனவரி 1ஆந் தேதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரசைகளாகப் பதிவானோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. மறுப்புக்கு ஆவணக்குறை ஒன்றே காரணம் அன்று. எனினும், ஒரு சீட்டு இருந்ததா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் நாட்டையே முடிவு செய்த காலம் அது.

பின்னர், 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்கள் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம்; இலங்கைக்கு 3 இலட்சம். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க உடன்பட்டன. இந்தியாவுக்குச் சென்றவர்கள் மலையகத்தின் நிலையங்களிலே கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் அடைந்தனர். அந்தக் கோச்சிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஒரு வாழ்நாளின் பொருள்களைச் சில மூட்டைகளுக்குள் அடக்கும் கொடிய வீடொழிப்பு அது. அம்மியையும் உரலையும் கொண்டு செல்ல இயலுமா? வாசலில் நட்ட பூஞ்செடியைப் பெயர்த்தெடுக்க இயலுமா? கையில் பத்திரமாகச் சென்றது காகிதக் கட்டு ஒன்றே.

அக்காலம் மாறிவிட்டது. எஞ்சி நின்ற நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. அப்படியாயின் பழைய காகிதம் இனி எதற்கு என்று கேட்கலாம். அன்று பெயர் எழுதியவர்கள் பலர். செக்றோலில் ராமாய், பிறப்புப் பதிவில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாயி அம்மா. ஒருத்தியே மூவராகிவிட்டாள்! 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதியவள், மூன்றும் தானே என்று நிறுவ வேண்டியிருக்கின்றது. அந்நேரத்தில் அவளுக்காகப் பேசுவது பழைய சம்பளச் சீட்டும், பழைய அட்டையுமே. பயனற்றது எனப் போகித் தீயில் இட்டது, நாற்பது ஆண்டு உழைப்பின் ஊதியமாகவும் இருக்கலாம்.

காகிதம் ஒருபுறம் இருக்க, பொருள்களுக்கும் ஒரு நாக்கு உண்டு. கம்பளைக்கு அண்மையில், பழைய பீகொக் தோட்டத்து லயக்காம்பராக்களில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று 2007 முதல் நடைபெற்று வருகின்றது. தொழிற்கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன. தோட்டத்துரைமாரின் பெயரும் இயந்திரத்தின் வரலாறும் நூல்களில் உண்டு. கூடை சுமந்தவளின் வரலாற்றுக்குக் கூடையே ஏடு. ஒரு காம்பராவில் இடமில்லாத பொருள் இன்னொரு காம்பராவில் வரலாறாகி நிற்பதை அங்கே காணலாம்.

எனவே, தைக்கு முன்னே வீட்டை ஒழிப்போர் பொருள்களை மூன்று குவியலாகப் பிரித்தல் நலம். முதலாவது, கழிப்பவை. உடைந்தவை, மக்கியவை, நோய் தருபவை என இவை தயக்கமின்றிப் போகலாம். இரண்டாவது, கொடுப்பவை. வளர்ந்த பிள்ளையின் சட்டையும் படித்து முடித்த புத்தகமும் அடுத்த காம்பராவுக்குப் பயன்படும். மூன்றாவது, காப்பவை. பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கடிதங்கள், கடவுச்சீட்டு ஆகியன இதில் அடங்கும். இவற்றை ஈரம் புகாத உறையில் இட்டு, பிரதி எடுத்து, அப்பிரதியை வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். மண்சரிவும் தீயும் மலைநாட்டார் அறியாதவை அல்ல.

இந்த மூன்றாவது குவியலை இளையவர் தனியே பிரித்தலாகாது. வாசிக்கத் தெரிந்த பேரனும், நினைவில் வைத்திருக்கும் பாட்டியும் அருகருகே அமர்தல் வேண்டும். “இது யார், பாட்டி?” என்று அவன் ஒரு நிழற்படத்தைக் காட்டிக் கேட்கட்டும். அவள் சொல்லும் பெயரையும் தோட்டத்தையும் அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைக்கட்டும். ஒரு மாலைப்பொழுது போதும். அவள் மறைந்த பின்னர் அந்தப் பெயரைச் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை.

இன்று சில குடும்பங்கள் லயத்தை விட்டு, 7 பேர்ச் நிலத்தில் எழுந்த தனிவீடுகளுக்குக் குடிபெயர்ந்துள்ளன. பல குடும்பங்கள் அந்நாளை எதிர்பார்த்து இன்னும் காம்பராவிலேயே வாழ்கின்றன. புதுவீட்டுக்கு எதைக் கொண்டு செல்வது என்ற வினா அவர்கள் முன்னே நிற்கின்றது. புகையும் நெருக்கடியும் பழைய சுவரோடு நின்றுவிடட்டும். டிரங்குப் பெட்டி மட்டும் முதல் வண்டியில் ஏறட்டும்.