மின்நூல் கருவி வாங்கலாமா?

2007 நவம்பரில் அமெரிக்காவில் அமேசானின் கிண்டில் என்ற மின்நூல் கருவி விற்பனைக்கு வந்தது. விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

கைப்பேசி இருக்க, இது எதற்கு?

திரைதான் வேறுபாடு. அதனுள் நுண்ணிய குமிழ்கள். அவற்றில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலம் மாறினால் துகள்கள் இடம்பெயர்ந்து எழுத்தாகும். அப்படியே நிற்க மின்சாரம் வேண்டாம். அதனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வாசிக்கலாம். வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரியும்.

தமிழில் என்ன கிடைக்கும் என்ற தயக்கம் வேண்டாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் ஏராளமான நூல்களை இலவசமாகவே தருகிறது. எத்தனை அருமையான தொண்டு!

ஆனாலும் கவனம் தேவை. 2009இல் உரிமைச் சிக்கலால் ஆர்வெலின் '1984' நாவல் வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழிக்கப்பட்டது. பணம் திரும்பி வந்தது, புத்தகம் போனது. பிற இடங்களில் வாங்கும் நூல்களும் அந்தக் கருவியில் திறக்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.