பதில் சொல்லலைன்னா அது திமிர் இல்ல

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஆட்டிசம் பத்திப் பேசப் போறேன். அது எதனால வருது, எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிறதுக்குள்ள போகலை. ஆட்டிசம் உள்ள ஒருத்தர் ஆபத்துல இருக்கும்போது முதல்ல வந்து நிக்கிறது ஒரு போலீஸ்காரர், ஒரு 108 ஊழியர், இல்லைன்னா ஒரு தீயணைப்பு வீரர். அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? அதுதான் இன்னைக்குப் பேச்சு.

ஒரு கற்பனைக்கு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுன்னு வச்சுக்கங்க. ராத்திரி பத்து மணி. இருபது வயசுப் பையன் ஒருத்தன் பஸ்களுக்கு நடுவுல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறான். ரோந்துக்கு வந்த போலீஸ்காரர், "உன் பேரென்ன?"ன்னு கேட்குறார். அவன் அவர் முகத்தைப் பார்க்கலை. "உன் பேரென்ன"ன்னு அதையே திருப்பிச் சொல்றான். "எந்த ஊருடா?" "எந்த ஊருடா."

அடுத்து என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். குடிச்சிருக்கான், இல்லைன்னா நக்கல் பண்றான்னு நினைப்பாங்க. கையைப் பிடிப்பாங்க. அவன் கத்துவான், உதறுவான். அது "போலீஸ் மேல கை வச்சுட்டான்"னு ஆயிடும். உண்மையில அங்க யாரும் யாரையும் எதிர்க்கலை. கேட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்றதுக்கு எக்கோலேலியான்னு பேரு. ஆட்டிசம் உள்ள பலர்கிட்ட இருக்கிற பழக்கம் இது. சிலருக்குத் திடீர்னு யாராவது தொட்டா உடம்பே தாங்காது. பயிற்சி இல்லாத கண்ணுக்கு இது எல்லாமே திமிராத்தான் தெரியும்.

அந்தத் தப்பு எவ்வளவு தூரம் போகும்னா, 2016 ஜூலை 18, அமெரிக்காவுல நார்த் மியாமி. ஆட்டிசம் உள்ள ஒரு இளைஞர் தான் இருந்த இல்லத்துல இருந்து வெளிய வந்து, ஒரு பொம்மை லாரியோட ரோட்டுல உட்கார்ந்திருந்தார். கையில துப்பாக்கி இருக்குன்னு யாரோ போன் பண்ணிட்டாங்க. அவரைப் பார்த்துக்கிற சார்லஸ் கின்சி பக்கத்துல மல்லாக்கப் படுத்து, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, அது பொம்மைன்னு கத்திச் சொன்னார். அப்பவும் போலீஸ் சுட்டுச்சு. குண்டு கின்சியோட கால்ல பாய்ஞ்சது. உயிர் தப்பினார். தன்னோட குறி அந்த இளைஞர்தான்னு சுட்டவர் பிறகு விளக்கம் சொன்னார்.

நம்ம ஊர்ல துப்பாக்கியை விடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. தண்ணி.

எங்க அக்கா மகனுக்கு ஆட்டிசம். மோட்டார் போடுற சத்தம் கேட்டா போதும், சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டுத் தொட்டிகிட்ட போய் நின்னுடுவான். இது அவனுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்ல. வீட்டை விட்டுச் சொல்லாம வெளிய போறதும், தண்ணியைத் தேடிப் போறதும் நிறைய ஆட்டிசம் குழந்தைகள்கிட்ட உண்டு. 2012-ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, நாலு வயசுக்கு மேற்பட்ட ஆட்டிசம் குழந்தைகள்ல 49 சதவீதம் பேர் ஒரு தடவையாவது அப்படிப் போக முயற்சி பண்ணியிருக்காங்கன்னு பெற்றோர் சொன்னாங்க. 2017-ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, 15 வயசுக்குக் கீழ உள்ள ஆட்டிசம் குழந்தைகள் தண்ணியில மூழ்கி இறக்குற வாய்ப்பு மத்தக் குழந்தைகளை விட 160 மடங்குன்னு சொல்லுச்சு.

இப்போ மதுரையைச் சுத்தி யோசிங்க. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, எந்தப் பக்கம் போனாலும் கண்மாய், வாய்க்கால், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. நடுவுல வைகை. ஒரு ஆட்டிசம் குழந்தையைக் காணோம்னா நாம வழக்கமா பஸ் ஸ்டாண்டு, கோயில், சொந்தக்காரங்க வீடுன்னு தேடுவோம். முதல் ஆளு தண்ணிக்குப் போகணும். மத்த இடத்தை மத்தவங்க பார்க்கட்டும். போலீஸும் என்ன சட்டை போட்டிருந்தான்னு கேட்குறதோட நிறுத்தாம, அவனுக்கு என்ன பிடிக்கும், எதைப் பார்த்தா பயப்படுவான்னு கேட்கணும்.

இதுக்குப் பயந்துதான் சில வீடுகள்ல வேலைக்குப் போகும்போது பிள்ளையைக் கட்டிப் போட்டுட்டோ பூட்டிட்டோ போறாங்க. அந்தப் பெத்தவங்களைத் திட்டுறது சுலபம். பகல்ல பார்த்துக்க ஆள் இல்லாததுதான் காரணம். ஆனா 2001 ஆகஸ்ட் 6-ஐ மறக்கக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில, மனநலம் பாதிக்கப்பட்டவங்களைத் தங்க வச்சிருந்த கூரைக் கொட்டகையில தீப்பிடிச்சது. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியலை. 28 பேர் இறந்தாங்க. அவங்களுக்கு இருந்தது ஆட்டிசம் இல்ல. ஆனா கட்டி வச்சா பத்திரம்னு நினைக்கிறது எங்க கொண்டுபோய் விடும்னு அந்தக் கொட்டகை காட்டுச்சு.

சட்டம் என்ன சொல்லுது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகள் அதுல இருக்கு. பிரிவு 8, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்துல உள்ள மாற்றுத்திறனாளிகள் விவரத்தைப் பதிவு பண்ணி வைக்கணும்னு சொல்லுது. பிரிவு 47, காவல்துறையினருக்கான பயிற்சிகள்ல மாற்றுத்திறனாளி உரிமைகள் பத்தின பாடம் கட்டாயம்னு சொல்லுது. ஆக, நாம யார்கிட்டயும் சலுகை கேட்கலை.

என்ன கத்துக்கொடுக்கணும்? பெரிய பாடத்திட்டம் வேணாம். சைரனையும் சுத்துற லைட்டையும் முடிஞ்சா அணைச்சிடுங்க. ஒருத்தர் மட்டும் பேசுங்க. சின்ன வாக்கியமாப் பேசிட்டு, பதிலுக்குக் காத்திருங்க. தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடுங்க. குப்புறப் போட்டு அமுக்காதீங்க, மூச்சு நின்னுடும். அழலைங்கிறதுக்காக அடிபடலைன்னு 108 ஊழியர் முடிவு பண்ணக் கூடாது, சிலர் வலியை வெளிக்காட்ட மாட்டாங்க. தீயணைப்பு வீரர் கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னாடி பார்க்கணும். வெளிய கொண்டுவந்த பிறகும் ஒருத்தர் கூடவே நிக்கணும். பழகின இடம்னு திரும்ப வீட்டுக்குள்ள ஓடிடலாம்.

இதை எங்க ஆரம்பிக்கிறது? என்கிட்ட ஒரு யோசனை இருக்கு. சித்திரைத் திருவிழா. அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்குப் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூணும் ஒரே இடத்துல நிக்கும். கூட்டத்துக்கும் வேட்டுக்கும் மைக் சத்தத்துக்கும் நடுவுல ஆட்டிசம் உள்ளவங்களும் வருவாங்க, அவங்க ஊர்த் திருவிழாவும் அதுதானே. 2022-ல அந்த நெரிசல்ல ரெண்டு பேர் இறந்தாங்க. பந்தோபஸ்து டூட்டி பிரிச்சுக் கொடுக்குற அன்னைக்கே பதினஞ்சு நிமிஷம் ஒதுக்கி, நான் இப்போ சொன்னதைச் சொல்லிக் கொடுத்தா போதும். வருஷா வருஷம் சொன்னா அது பழக்கமாயிடும்.

கேட்குறவங்களுக்கு ரெண்டு வேலை. உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஆட்டிசம் உள்ளவங்க இருந்தா, ஒரு போட்டோ, போன் நம்பர், பிடிச்சது, பயப்படுறது, போகக்கூடிய இடம், இதையெல்லாம் ஒரே தாள்ல எழுதி இப்பவே போன்ல வச்சுக்கங்க. காணாமப் போனா 112-க்கோ, குழந்தைன்னா 1098-க்கோ உடனே கூப்பிடுங்க. 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. குழந்தை காணாமப் போன புகார்ல உடனே வழக்குப் பதியணும்னு உச்ச நீதிமன்றம் 2013-லயே சொல்லிடுச்சு.

ரெண்டாவது, ரோட்டுல ஒருத்தர் காதைப் பொத்திக்கிட்டோ, கையை உதறிக்கிட்டோ, கேட்டதையே திருப்பிச் சொல்லிக்கிட்டோ நின்னா, கூட்டம் கூட விடாதீங்க. வீடியோ எடுக்காதீங்க. ரெண்டடி தள்ளி நின்னு, சத்தத்தைக் குறைச்சு, "நான் இங்கதான் இருக்கேன்"னு சொல்லுங்க. போலீஸ் வந்தா, "சார், இவருக்கு ஆட்டிசம் இருக்கலாம், கொஞ்சம் பொறுங்க"ன்னு நீங்க சொல்லுங்க. அந்த நேரத்துல அவருக்காகப் பேச அங்க நீங்க மட்டும்தான் இருப்பீங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.